புகாரியும் ஒரு பொய்யான டிரையல் பேலன்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை நம்மூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தென்காசிப் பக்கம். என்னை மாதிரியே ப்ரமோஷன் கொடுத்துக் காஷ்மீருக்கு அனுப்பிவிட்டார்கள். (வங்கியில் ப்ரமோஷன் என்றால் பாதி பரிசு, பாதி நாடு கடத்தல். தெரிந்ததுதானே!) ஸ்ரீநகரில் வீடு பிடித்தாயிற்று, மனைவியும் குழந்தையும் அடுத்த மாதம் வருகிறார்கள் என்றார். "குளிருக்கு எல்லாம் ரெடி சார்" என்று பையைத் திறந்து காட்டினார். கம்பளிக் காலுறை, குல்லா, கையுறை, அப்புறம் ஆறு ரோல் பிரவுன் டேப்.

"டேப் எதுக்கு?"

"ஜன்னல் சந்தெல்லாம் ஒட்டத்தான் சார். ஒரு இன்ச் விடமாட்டேன்" என்றார் பெருமையாக.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே டேப்பை இதே ஊரில் நானும் வாங்கியிருக்கிறேன். அதனால் என்ன ஆயிற்று என்று அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். குளிர் பிரதேசத்தில் குடித்தனம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் எதற்காவது உதவினால் சரி.

முதலில் புகாரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தகரத்தாலோ இரும்பாலோ செய்த உருளை அடுப்பு. உள்ளே விறகு எரியும். கீழே காற்று போக ஒரு சின்னக் கதவு. பின்பக்கத்திலிருந்து ஒரு தகரக் குழாய் மேலே ஏறி, வளைந்து, ஜன்னல் வழியாக வெளியே போகும். ஜன்னலில் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, ஓட்டை போட்ட தகரத்தைப் பொருத்தி, அதற்குள் குழாயை விட்டிருப்பார்கள். அறைக்கு நடுவில் ஒரு ரயில் இஞ்சினை நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். மேலே கெட்டில் வைத்தால் நாள் முழுக்க வெந்நீர். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் ஹீட்டரை மட்டும் நம்ப முடியாது. அதனால் பல வீடுகளில் இதுதான் கதி.

இப்போது கொசுவர்த்தி சுற்றுகிறேன். வருடம் 2024. நான் இங்கே வந்த முதல் குளிர்காலம். நவம்பர் முதல் வாரம் புகாரி பற்ற வைக்க ஆரம்பித்தோம். வீட்டுக்காரர் ஹாஜி சாகேப் கீழ்த்தளத்தில் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல். அப்போதே இரண்டு விஷயம் சொன்னார். காய்ந்த விறகாக வாங்குங்கள் என்றார். மூன்று வாரத்துக்கு ஒரு முறை குழாயைக் கழற்றித் தட்டுங்கள் என்றார். நான் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதோடு சரி.

டிசம்பர் 21 அன்று இங்கே சில்லை கலான் தொடங்கும். 40 நாள் கடும் குளிர். அந்த வருடம் தொடங்கிய அன்றே மைனஸ் 8.5 டிகிரி. சுமார் 50 ஆண்டுகளில் டிசம்பரில் இவ்வளவு குளிர்ந்த இரவு இருந்ததில்லை என்று செய்தி போட்டார்கள். இருந்த விறகு சரசரவென்று தீர்ந்துவிட்டது. நான் பேரம் பேசி, மலிவாகக் கிடைத்த ஈர விறகை ஒரு வண்டி இறக்கினேன். கடன் விண்ணப்பத்தில் ஆயிரம் கேள்வி கேட்கிற ஆள், விறகில் ஒரு கேள்வி கேட்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அரையாண்டு லீவுக்குத் திருச்சியிலிருந்து குடும்பம் வந்து சேர்ந்தது. தங்கமணி, ஒன்பதாவது படிக்கும் மகள், கூடவே மாமியார். பனி பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆசை தீரக் கொட்டியது. மறுநாள் நாலாவது சனி, எனக்கும் லீவு. சாயங்காலம் எல்லோருமாக உட்கார்ந்து ஜன்னல் சந்து, கதவு இடுக்கு, வென்டிலேட்டர் எல்லாவற்றையும் செய்தித்தாளும் டேப்பும் வைத்து அடைத்தோம். பொங்கலுக்கு வீடு அலங்கரிக்கிற மாதிரி உற்சாகம். படுக்கப் போகும்போது நான் என் பங்குக்கு இரண்டு பெரிய ஈரக் கட்டைகளைப் புகாரிக்குள் தள்ளி, காற்றுக் கதவை நன்றாகச் சாத்தினேன். மெதுவாக எரிந்தால் விடியும்வரை வருமே என்ற சிக்கனம்.

பத்து மணிக்கே மாமியார் தலை வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டார். ஒரு மணி வாக்கில் மகள் எழுந்து வாந்தி எடுத்தாள். எனக்கும் நெற்றிப்பொட்டு விண் விண் என்று தெறித்தது. சாப்பாடு சேரவில்லை என்றேன் நான். மலை ஏறி வந்ததால் இருக்கும் என்றும் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அபத்தம். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர் உயரம்தான். ஊட்டி அதைவிட உயரம், 2,240 மீட்டர். ஊட்டியில் யாருக்கு மலை நோய் வந்தது?

அப்புறம்தான் பெரிய தப்பு செய்தேன். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பெட்டியில் இருந்தது. மகள் விரலில் மாட்டினேன். 98. மாமியாருக்கு 97. "ஆக்சிஜன் எல்லாம் நார்மல், தூங்குங்க" என்று சொல்லிவிட்டு நானும் படுக்கப் போனேன்.

போயிருந்தால் இந்தப் பதிவை யார் எழுதியிருப்பார்களோ தெரியாது.

தடுத்தது என் மாமியார். எழுந்து உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளை, நாலு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படித் தலைவலி வரும்? பிள்ளை பெத்த அறையில கரி நெருப்பு வச்சா, கதவை ஒருக்களிச்சு வைடின்னு எங்க பாட்டி கத்துவா. இங்க ஒரு சந்துகூட இல்லையே" என்றார். தங்கமணி அதற்குள் எழுந்துபோய் கதவைத் திறந்துவிட்டாள். "என்னங்க, பாப்பாவத் தூக்குங்க" என்றாள். மகளைத் தூக்கும்போது என் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை.

மாடிப்படியில் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. கீழே கதவைத் தட்டினோம். ஹாஜி சாகேப் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, "புகை வெளியே போகுதா மேனேஜர் சாப்?" என்று ஒரே கேள்வி கேட்டார். பிறகு மேலே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்து, அந்தப் பனியில் அவரே வண்டியை ஓட்டி எங்களை மருத்துவமனையில் சேர்த்தார். ரத்தப் பரிசோதனை, முகமூடியில் ஆக்சிஜன். விடிந்து வெயில் வரும்வரை நால்வரும் வரிசையாகப் படுத்திருந்தோம். டாக்டர் கார்பன் மோனாக்சைடு என்றார்.

பிழைத்தோம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எங்கள் கதை முடிந்த ஒன்பதாவது நாள், 2025 ஜனவரி 5 அன்று, இதே ஸ்ரீநகரின் பாந்த்ரேத்தன் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் கணவன், மனைவி, மூன்று குழந்தைகள், ஐந்து பேரும் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். செய்தியைப் படித்துவிட்டுத் தங்கமணி திருச்சியிலிருந்து போன் செய்தாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த 98 எப்படி வந்தது?

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது முதல் வருடப் பாடம். இந்தப் பக்கம் ஒரு தப்பு, அந்தப் பக்கம் அதே அளவு இன்னொரு தப்பு இருந்தால், இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். கூட்டல் மட்டும் அழகாக இருக்கும். கார்பன் மோனாக்சைடும் இப்படித்தான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின்மேல், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாக இது ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய சீட்டில் இது உட்கார்ந்துவிடும். விரலில் மாட்டுகிற சாதாரண ஆக்சிமீட்டர் சீட்டு நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும், உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. அதனால் ஆள் மயங்கி விழும் நிலையிலும் 97, 98 காட்டும். கோவிடுக்குப் பிறகு பல வீடுகளில் இந்தக் கருவி இருக்கிறது. அதனால்தான் இதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் அதை நம்பாதீர்கள்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. "புகை வாசனையே இல்லையே" என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது. அறிகுறியும் ஏமாற்றும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, அசதி. பார்த்தால் ஃபுட் பாய்சன் மாதிரியோ ஃப்ளூ மாதிரியோ இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே வழி, என் மாமியார் கேட்ட கேள்வி. ஒரே அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறதா? வெளியே போனால் குறைகிறதா? ஆம் என்றால் யோசிக்காமல் எல்லோரையும் வெளியே கொண்டுபோங்கள், தலையை எண்ணுங்கள், 112 கூப்பிடுங்கள். டாக்டரிடம் "மூடின அறையில் அடுப்பு எரிந்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வெளிக்காற்றில் சரியாகிவிட்டது என்று திரும்பிப் படுத்துவிடக் கூடாது. சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள அளவு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கும்.

மறுநாள் ஹாஜி சாகேப் குழாயைக் கழற்றி முற்றத்துப் பனியில் வைத்துத் தட்டினார். வாளி வாளியாகப் புகைக்கரி கொட்டியது. வளைவில் என் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. அதற்கு மேல், வெளியே குழாய்த் தொப்பியில் பனி வேறு அப்பியிருந்தது. ஈரக் கட்டை, சாத்திய காற்றுக் கதவு, அடைபட்ட குழாய், டேப் ஒட்டிய ஜன்னல். நான்கு தப்பும் ஒரே இரவில் கூடியிருந்தன. நான்கிலும் என் கையெழுத்து இருந்தது.

அன்றைக்கு அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதும் இவை.

சாம்பல் தினமும் எடுக்க வேண்டும். அடியில் விரல் பருமனுக்கு ஒரு படுகை விடலாம், விறகு நன்றாகப் பிடிக்கும். அதற்கு மேல் சேர்ந்தால் காற்று வழி அடைபடும். எடுத்த சாம்பலை மூடி போட்ட தகர வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே வையுங்கள். மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டி, மர வராந்தாவில் வைத்தால் அப்புறம் தீயணைப்பு வண்டிதான்.

குழாயைத் தினமும் எரிக்கிற காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூக்கில் துணி, கையில் உறை. வளைவில்தான் அதிகம் சேரும், அங்கே பிரஷ் போக வேண்டும். திரும்ப மாட்டும்போது மேல் குழாயின் முனை கீழ்க் குழாய்க்கு உள்ளே இறங்க வேண்டும். அப்போதுதான் வழிகிற தார் அறைக்குள் சொட்டாமல் அடுப்புக்கே திரும்பும். படுக்கை வாட்டில் போகும் குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, வெளிப்பக்கம் கொஞ்சம் ஏறின வாக்கில் இருக்க வேண்டும். குழாயில் துருப்பிடித்த ஓட்டை இருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள். பனி பெய்த மறுநாள் தொப்பியைப் பாருங்கள். சீசன் தொடங்கும் முன்னால் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விறகைப் பிளந்து, மழை படாமல், ஒரு கோடையாவது காயவைத்திருக்க வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் ஈரம். ஈர விறகு வெப்பத்தைக் குடித்துவிட்டுப் புகையையும் தாரையும் கொடுக்கும். அந்தத் தார் ஒரு நாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். ரயில் வருகிற மாதிரி சத்தம் கேட்டால் அதுதான். காற்றுக் கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் வெளியேறி, 101 அல்லது 112 கூப்பிடுங்கள். பழுத்த இரும்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பற்றவைக்க மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள்.

இங்கே வீடுகளில் மரப்பலகை அதிகம், தரையில் கம்பளம். புகாரிக்கு அடியில் தகரமோ மண்படுகையோ கட்டாயம். சுவருக்கும் அதற்கும் நல்ல இடைவெளி வேண்டும். குழாய்மேல் துணி காயப்போடுகிற நம் வழக்கத்தை மூட்டை கட்டிவிடுங்கள்.

படுக்கும் முன் நெருப்பு அணைந்திருக்க வேண்டும். தணலை மூடிவைத்துவிட்டுத் தூங்குவதுதான் மோசம். எரியும்போது ஒரு ஜன்னல் ஒரு விரல்கடையாவது திறந்திருக்கட்டும். கடைசியாக, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கையறையில். புகை கண்டுபிடிக்கும் கருவி வேறு, இது வேறு, பார்த்து வாங்குங்கள். மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள். காலாவதியானால் மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்முறை. இதற்கு மேல் என் கருத்து ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவே.

இதைப் பராமரிக்க வேண்டியது யார்? வீட்டுக்காரர் என்று நான் நினைத்தேன். வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்று நினைத்தார். என் வீடு வங்கி லீஸ் எடுத்த வீடு. ஒப்பந்தத்தோடு ஒரு பட்டியல் இருக்கிறது. மின்விசிறி எத்தனை, டியூப் லைட் எத்தனை, கீசர் எத்தனை என்று வரிசையாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் பட்டியலை எடுத்து இரண்டு முறை படித்தேன். புகாரி இல்லை, குழாய் இல்லை, வென்டிலேட்டர் இல்லை. என் குடும்பத்தைக் கொல்லக்கூடிய ஒரே சாமான் யார் கணக்கிலும் இல்லை.

கிளையில் ஒரு நாள் கேஷ் டேலி ஆகாமல் வீட்டுக்குப் போக விடுவார்களா? பெட்டக அறைச் சாவி இரண்டு பேர் கையில் இருக்கும், தீயணைப்பான் காலாவதித் தேதியை ஆடிட்டர் வந்து பார்ப்பார். பணத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு யோசிக்கிற நாம், ஊழியரைத் தெற்கிலிருந்து பனிக்கு அனுப்பும்போது மாற்றல் படிவத்தோடு ஒரு பக்கக் குறிப்பு வைக்கக் கூடாதா? லீஸ் பட்டியலில் "புகைக்குழாய் சுத்தம் செய்த தேதி" என்று ஒரு கட்டமும், வீட்டுக்கு ஒரு அலாரமும் சேர்த்தால் நிர்வாகம் திவாலாகிவிடாது. வங்கி மட்டுமில்லை. மத்திய அரசு அலுவலகங்கள், கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசுங்கள், நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"உள்ளூர்க்காரர்கள் காலங்காலமாக இதில்தானே வாழ்கிறார்கள், நீ ஏன் பயமுறுத்துகிறாய்?" என்று ஒரு சக அதிகாரி கேட்டார். உள்ளூர்க்காரருக்கு அவர் தாத்தா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்படியும் சாவு நடக்கிறது. நமக்குச் சொல்லிக் கொடுக்கவும் யாருமில்லை. வெப்பமான ஊரில் பிறந்த நமக்குக் குளிர் என்றால் எதிரி. அடைத்துவிட வேண்டும் என்றுதான் கை போகும். 2020 ஜனவரியில் நேபாளத்தில் டாமன் என்ற மலை ஊருக்குச் சுற்றுலா போன கேரளத்துக்காரர்கள் எட்டுப் பேர், அதில் நாலு குழந்தைகள், கேஸ் ஹீட்டர் எரிந்த மூடிய அறையில் தூங்கி, எழுந்திருக்கவில்லை. அவர்களும் நம்மைப் போலத்தானே, குளிருக்குப் பயந்திருப்பார்கள்.

புனே, பெங்களூரு, டெல்லி நண்பர்கள் "நமக்கு ஏது புகாரி" என்று தாண்டிப் போக வேண்டாம். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசர், கதவு சாத்திய அறையில் கரி அங்கீட்டி, போர்வைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி, எல்லாமே ஒரே குடும்பம்தான். நெருப்பு இருக்கிற இடத்தில் காற்று வர ஒரு வழி, புகை போக ஒரு வழி இருக்க வேண்டும். புகாரிக்காவது குழாய் உண்டு. கரிச்சட்டிக்கு அதுவும் கிடையாது.

தென்காசிக்காரருக்கு வருவோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "டேப்பை என்ன சார் பண்றது?" என்றார். "அஞ்சு ரோல் திருப்பிக் கொடுங்க. ஒரு ரோல் வச்சுக்கங்க, விறகுக் கணக்கு எழுதின தாளைச் சுவரில் ஒட்ட" என்றேன். :-)

என் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு தாள் இருக்கிறது. குழாய் கழற்றிய தேதி, அலாரம் சோதித்த தேதி, கையொப்பம். மேலே மகள் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதியிருக்கிறாள், பாட்டி சொன்னது: கதவை ஒருக்களிச்சு வை.